15-லிருந்து 17 அங்குலம்: அலாய் வீலும் புது டயரும் எடுக்கும் முன்

கருப்புக்குதிரை:

வணக்கம் நண்பர்களே. என் ஹேட்ச்பேக்கில் கம்பெனி டயர்களின் பட்டன் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நாலையும் மாற்றியே ஆகவேண்டும். அதோடு சேர்த்து இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு அலாய் போட்டுவிடலாம் என்று ரொம்ப நாள் ஆசை.

இப்போது இருப்பது 185/65 ஆர்15 88எச். ரிம் 15×6, ஆஃப்செட் 45, பி.சி.டி. (நட்டு ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்) 4×100. பார்த்து வைத்திருப்பது 17×7 அலாய், அதில் 205/45 ஆர்17 டயர். கடையில் கேட்டால் "அப்படியே உட்கார்ந்துவிடும், எங்கேயும் உரசாது" என்கிறார்கள். நண்பர் ஒருவர் 16-க்கு மேல் போகாதே என்கிறார். இன்னொருவர் ரிம்மையே தொடாதே, நல்ல டயர் மட்டும் வாங்கு என்கிறார்.

ஓட்டம் பெரும்பாலும் ஊருக்குள். அவ்வப்போது குடும்பமாக ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், நெடுஞ்சாலைப் பயணம். வழியில் பள்ளமும் உண்டு, வேகத்தடையும் உண்டு. வண்டி பார்க்க அழகாக இருக்க வேண்டும், வளைவில் கொஞ்சம் கெட்டியாக நிற்க வேண்டும், மழையில் பயமில்லாமல் பிரேக் பிடிக்க வேண்டும். என்னென்ன பார்க்கணும் என்று சொல்லுங்கள்.

மழைத்துளி:

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், மற்றது அப்புறம்.

185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ. சைடுவாலின் (டயரின் பக்கச்சுவர்) உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. மேலே ஒரு சைடுவால், கீழே ஒரு சைடுவால், நடுவில் 381 மி.மீ. ரிம். கூட்டினால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர், ஏ.பி.எஸ்., கியர் விகிதம் எல்லாம் இந்த எண்ணை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. ரிம் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு சைடுவால் குறைந்து, இந்த விட்டம் மாறாமல் நிற்க வேண்டும்.

205/45 ஆர்17-க்கு 616.3 மி.மீ. வருகிறது. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ஆக, விட்டத்தில் கடைக்காரர் சொன்னது சரிதான். 195/55 ஆர்16-க்கு 620.9, அது அச்சு அசல் கம்பெனி விட்டம். நிறையப் பேர் "கொஞ்சம் உயரமா இருக்கட்டும்" என்று 195/60 ஆர்16 கேட்டு வாங்குவார்கள். அது 640 மி.மீ., மூன்று சதவீதம் அதிகம். பழைய டயரில் மீட்டர் சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இதில் 100 காட்டும்போது வண்டி 103-ல் போகும். எனக்கு அது உடன்பாடில்லை.

விட்டம் சரியாகிவிட்டதால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சைடுவாலைப் பாருங்கள்: 15-ல் 120, 16-ல் 107, 17-ல் 92 மி.மீ. பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்த உயரம்தான். 17-க்குப் போனால் அதில் 28 மி.மீ. குறைந்துவிடும்.

திருகுசாவி:

தம்பி, டயர் சைஸுக்குப் பின்னால் ஒரு 88 போட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றி யாராவது கடையில் பேசினார்களா? பேசியிருக்க மாட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் டயர் கழற்றி மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வாடிக்கையாளர்கள் கேட்காமலே விடுகிற எண் அதுதான்.

88 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 205/45 ஆர்17-ல் சாதாரண வகை 84-தான் வரும். 84 என்றால் 500 கிலோ. ஒரு டயருக்கு 60 கிலோ குறைகிறது. நீங்களோ ஐந்து பேரும் சாமானுமாகப் போகிறவர். அகலமான டயர் அதிகம் தாங்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சுமையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. சைடுவால் குறைந்தால் காற்றுக்கான இடமும் குறைந்தது.

அதே சைஸில் 88 எக்ஸ்.எல். (கூடுதல் சுமை வகை) என்று ஒன்று கிடைக்கும். தாங்கும் எடை மறுபடி 560-க்கு வந்துவிடும். ஆனால் அந்த 560 சும்மா வராது. சாதாரண டயரின் சுமையைக் கணக்கிடும் அழுத்தம் 36 பி.எஸ்.ஐ., எக்ஸ்.எல். டயருக்கு 42. எக்ஸ்.எல். வாங்கிப் போட்டுவிட்டுப் பழைய 33-ஐயே வைத்து ஓட்டினால், அது கிட்டத்தட்ட 84 டயர் தாங்குகிற அளவைத்தான் தாங்கும். காற்றைக் கூட்டினால் வண்டி இன்னும் முரடாகும். ஏற்கெனவே சைடுவால் வேறு குறைவு.

பக்கத்தில் இருக்கும் 'எச்' வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. வரை. 'டி' 190, 'வி' 240. அதிலும் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

வளைவுவிரும்பி:

எல்லோரும் சேர்ந்து 17-ஐ வில்லனாக்கிவிடாதீர்கள். நான் 17-ல்தான் ஓட்டுகிறேன், மனநிறைவோடு ஓட்டுகிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புகிறது. உயரமான சைடுவால் வளைவில் முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, அப்புறம்தான் வண்டியைத் திருப்பும். அந்தத் தாமதம் 17-ல் இல்லை. மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அழகும் ஒரு காரணம்தான், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சுமைக் குறியீடுதான் பிரச்சினை என்றால் 205/50 ஆர்17 போடுங்கள். சாதாரண வகையிலேயே 89, அதாவது 580 கிலோ. சைடுவாலும் 102 மி.மீ. கிடைக்கும்.

மழைத்துளி:

வளைவுவிரும்பி அண்ணா, ஸ்டீயரிங் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். குட்டையான சைடுவாலில் அந்தக் கூர்மை உண்மையிலேயே கிடைக்கும். 205/50 யோசனையும் சுமைக்குச் சரிப்படும். ஆனால் விட்டம் 636.8 ஆகிவிடும், இரண்டரை சதவீதம் அதிகம். ஆரத்தில் ஏழரை மி.மீ. கூடுகிறது. அதோடு ரிம் 6-லிருந்து 7 அங்குல அகலத்துக்குப் போகிறது. இரண்டும் சேரும்போதுதான் உரசல் ஆரம்பிக்கும்.

அதற்கு ஆஃப்செட்டைப் பார்க்க வேண்டும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) போய் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். 45 என்றால் அந்த முகம் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது. ரிம் அகலத்தில் பாதியை மி.மீ.-யில் எடுத்து, அதில் ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப்பிலிருந்து வெளி விளிம்பு வரை உள்ள தூரம். கூட்டினால் உள் விளிம்பு வரை உள்ள தூரம்.

உங்கள் 15×6, ஆஃப்செட் 45: வெளியே 31.2, உள்ளே 121.2. அந்த 17×7-ம் ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொண்டால் வெளியே 43.9, உள்ளே 133.9. இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. நகர்கிறது. வெளியே ஃபெண்டர் விளிம்பு, உள்ளே ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங் தட்டும். கடையில் இருக்கும் அலாய் ஆஃப்செட் 38 என்றால் இன்னும் 7 மி.மீ. வெளியே வந்துவிடும். கருப்புக்குதிரை, பி.சி.டி. எழுதியிருக்கிறீர்கள், அலாயின் ஆஃப்செட்டை எழுதவில்லையே? அது தெரியாமல் "உரசாது" என்று யாராலும் சொல்ல முடியாது.

கருப்புக்குதிரை:

கேட்டேன் அக்கா. ஆஃப்செட் 38-தான். "சின்ன வித்தியாசம், ஒன்றும் ஆகாது" என்றார்கள்.

மழைத்துளி:

அப்படியானால் வெளி விளிம்பு 50.9. இப்போது இருப்பதைவிட ஏறக்குறைய 20 மி.மீ. வெளியே. காலியாக நிற்கும் வண்டியில் அழகாக இருக்கும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடை ஏறி இறங்கும்போது ஃபெண்டர் விளிம்பு டயரை அறுக்கும் வாய்ப்பு அதிகம். சக்கரம் இப்படி வெளியே தள்ளப்படும்போது பேரிங் மீது வரும் நெம்பு விசையும் கூடுகிறது. மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுப்பதும் கூடும்.

திருகுசாவி:

உரசுமா உரசாதா என்று எண்ணை வைத்துச் சந்தேகம் வந்தால் நாங்கள் செய்வது இதுதான். ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் முன்னால் மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழு லாக் வரை திருப்பிப் பார்ப்போம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டையாக்கி ஃபெண்டரின் உள் மடிப்பிலும், உள்ளே ஷாக் அப்சார்பருக்கு எதிரேயும் ஒட்டிவைப்போம். பின்சீட்டில் ஆள் ஏற்றி ஒரு வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டு வந்து பார்த்தால், களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் மீதி இடம். டயர் பட்டன் அச்சே அதில் பதிந்திருந்தால் அந்த ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதைச் செய்ய விடாத கடையில் அலாய் வாங்காதீர்கள்.

அடுத்தது ஹப். 4×100 பொருந்திவிட்டது என்பதால் ரிம் பொருந்திவிட்டது என்று ஆகாது. நடு ஓட்டையும் பொருந்த வேண்டும். ஒரே 4×100-ல் சில வண்டிக்கு ஹப் 54.1 மி.மீ., சிலதுக்கு 56.1, சிலதுக்கு 60.1. வெளியில் விற்கும் அலாய் எல்லா வண்டிக்கும் சேர வேண்டும் என்று பெரிய ஓட்டையோடு வரும். நடுவில் விழும் இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். வளையம் இல்லாவிட்டால் ரிம் கொஞ்சம் மையம் தப்பி உட்காரலாம். பேலன்சிங் மெஷினில் எல்லாம் பூஜ்யம் காட்டும், ரோட்டில் 80, 90-ல் ஸ்டீயரிங் நடுங்கும். "மூன்று தடவை பேலன்சிங் பண்ணியும் ஆட்டம் போகவில்லை" என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் தேடுவது இந்த வளையத்தைத்தான்.

பி.சி.டி.யிலும் ஏமாறக்கூடாது. 4×98 ரிம் 4×100 ஹப்பில் ஏறுகிற மாதிரி தெரியும். 5×112-ம் 5×114.3-ம் அப்படித்தான். நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். நட்டு முழுதாக உட்காராது, ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) எந்நேரமும் வளைந்த நிலையில் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முறியும்.

நெடுவழி:

குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவன் என்பதால் என் கவலை வேறு. எல்லோரும் ரிம்மைப் பற்றியே பேசுகிறோம். மழையில் வண்டியை நிறுத்துவது டயரின் ரப்பர்.

"அகலமான டயர் போட்டால் தரையை அதிகமாகப் பிடிக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். வண்டியின் எடையும் டயரில் உள்ள காற்றழுத்தமும் மாறாதபோது, தரையைத் தொடும் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வடிவம். குறுகலான டயர் நீளமாகத் தொடும், அகலமானது குட்டையாக, அகலமாகத் தொடும். உலர்ந்த வளைவில் அகல வடிவம் உதவும், ஒப்புக்கொள்கிறேன். தேங்கிய தண்ணீரில் அதே அகலம் எதிரி. ஒதுக்கித் தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம், தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. பட்டன் ஆழமும் காற்றும் ஒன்றாக இருந்தால் அகலமான டயர்தான் முதலில் தண்ணீர் மேல் மிதக்கும்.

அதனால் டயர் வாங்கும்போது நான் பார்ப்பது ஈரப்பிடிப்பு. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் கிடைத்தால் எளிது. 2021 மே மாதத்திலிருந்து எரிபொருளுக்கும் ஈரப்பிடிப்புக்கும் ஏ முதல் இ வரை ஐந்து வகுப்பு, இரைச்சலுக்கு ஏ முதல் சி வரை. மூன்றும் தனித்தனியாக இருக்கும். சைடுவாலில் அமெரிக்க முறைப்படி பொறித்திருக்கும் எண்களும் உண்டு: ட்ரெட்வேர் (தேய்மானம்) 300, 400 என்று ஒன்று, டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி, சி என்று ஒன்று, வெப்பத்துக்கு ஏ, பி, சி. டிராக்‌ஷன் எழுத்து ஈரமான தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதை மட்டும் சொல்லும். வளைவைப் பற்றியோ தண்ணீரில் மிதப்பதைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. ட்ரெட்வேர் எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துப் போடுகிறார். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலை ஒப்பிட உதவும், வெவ்வேறு கம்பெனியை ஒப்பிட அதை நம்ப மாட்டேன்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று டயர் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தேயவே தேயாத கல் மாதிரி ரப்பர் மழையில் எப்படிப் பிடிக்கும்? கொஞ்சம் சீக்கிரம் தேயட்டும், பிள்ளைகள் பின்சீட்டில் இருக்கும்போது பிடிக்கட்டும்.

புதுவண்டி:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. ரிம்மை மாற்றாமல் 185/65 ஆர்15-க்குப் பதிலாக 195 அகலம் போடலாமா? எனக்கும் இதே சைஸ்தான்.

மழைத்துளி:

போடலாம். 195/60 ஆர்15 என்றால் 615 மி.மீ., ஒரு சதவீதம் குறைவு, சுமையும் அதே 88. 195/65 ஆர்15 என்றால் 634.5, இரண்டு சதவீதம் அதிகம், சுமை 91. இரண்டாவதில் தரை இடைவெளி ஆறரை மி.மீ. கூடும், இழுவை லேசாகக் குறையும். 6 அங்குல ரிம்மில் இரண்டும் உட்காரும். 5 அங்குல ரிம்மாக இருந்தால் வேண்டாம். முதலில் ரிம் அகலத்தைப் பாருங்கள், அது ரிம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

திருகுசாவி:

பள்ளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சைடுவால் புடைத்த டயர்கள் எங்களிடம் நிறைய வருகின்றன. பெரும்பாலும் 45, 50 தொடர். நடப்பது என்னவென்றால், பள்ளத்தின் கூர்மையான விளிம்புக்கும் ரிம் உதட்டுக்கும் நடுவில் சைடுவால் மாட்டி நசுங்குகிறது. வெளி ரப்பருக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். அந்த இடத்தில் காற்றைப் பிடித்து நிறுத்த ரப்பர் மட்டும்தான் மிச்சம். சைடுவால் நெடுகக் கையை மெதுவாக ஓட்டினால் ஒரு இடத்தில் புடைப்பு விரலில் தட்டுப்படும். அதை ஒட்டவும் முடியாது, பேட்ச் போடவும் முடியாது. டயரையே மாற்றுவதுதான் வழி.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சைடுவாலில் மேலிருந்து கீழாகச் சின்னதாக ஒரு உள்குழிவு தெரியும். அது இழைத்துணியின் இரண்டு நுனிகளும் ஒன்றின் மேல் ஒன்று சேரும் இடம், எல்லா நல்ல டயரிலும் இருக்கும். உள்ளே குழிந்தால் பயமில்லை. வெளியே புடைத்தால் அன்றைக்கே கழற்றணும்.

வளைவுவிரும்பி:

திருகுசாவி அண்ணே சொல்வதில் நியாயம் இருக்கிறது. 17 போட்டால் காற்றை வாராவாரம் பார்க்கணும், பள்ளத்தைக் கண்டால் வேகத்தைக் குறைக்கணும். நான் அதைச் செய்கிறேன், ஓட்டுவதில் எனக்கு அது ஒரு பகுதி. வீட்டில் நாலு பேர் மாற்றி மாற்றி ஓட்டும் வண்டி என்றால் 17-ஐ நானே சொல்ல மாட்டேன்.

எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. 17-க்குப் போவதாக இருந்தால் ரிம்மைத் தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பெரிய ரிம்மில் உலோகம் வெளி விளிம்பை நோக்கி நகர்கிறது. கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றும்போது கயிறு நீள நீளக் கை கடுப்பதைப் போல, ஒரே எடை வெளியே போகப் போக அதைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். சின்ன எஞ்சின் வண்டியில் சிக்னலில் கிளம்பும்போதே தெரியும், மைலேஜிலும் தெரியும். அலாய் என்றாலே லேசு என்று நினைக்காதீர்கள். சாதாரண வார்ப்பு அலாய், பெரிய சைஸில் உங்கள் இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருக்கலாம். ஃப்ளோ ஃபார்மிங் முறையில் செய்ததில் விளிம்பு உருளையால் அழுத்தி நீட்டப்படுவதால் மெல்லியதாகவும் உறுதியாகவும் வரும். ஃபோர்ஜ்டு (வார்க்காமல், உலோகத்தை அழுத்தி வடித்தது) அதற்கும் மேலே, விலையும் மேலே.

திருகுசாவி:

ரிம்மின் முகத்தை மட்டும் பார்க்காமல் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். நல்ல ரிம்மில் ஆரக்கால்களின் பின்பக்கம் சைஸ், ஆஃப்செட், அதிகபட்சச் சுமை எல்லாம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். ஜே.டபிள்யூ.எல். என்ற குறி ஜப்பானிய அலாய் தரத்தைக் காட்டுவது, வி.ஐ.ஏ. என்றால் அந்தச் சோதனை வெளியே ஒரு நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டிக்கர் ஒட்டியதைக் கணக்கில் எடுக்காதீர்கள். சுமை எண்ணே இல்லாத ரிம் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். பிரபல டிசைனைப் பார்த்து வார்த்த நகல்களில் விளிம்பு வளைவதையும் ஆரக்காலில் கீறல் விழுவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டயரிலும் பிறந்த தேதியைப் படியுங்கள். சைடுவாலில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரிசையின் கடைசி நாலு இலக்கம். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். ஒரு பக்கம் முழு எண் இருக்கும், மறுபக்கம் அரைகுறையாக இருக்கலாம், குனிந்து பார்க்கணும். நாலும் நெருங்கிய வாரங்களில் இருந்தால் நல்லது.

நெடுவழி:

கருப்புக்குதிரை, ஒன்று கேட்கிறேன். உங்கள் மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் கம்பெனி என்ன சைஸ் தருகிறது? வண்டிப் புத்தகத்திலோ கதவுத் தூண் ஸ்டிக்கரிலோ இரண்டு மூன்று சைஸ் போட்டிருப்பார்கள், காற்றழுத்தத்தோடு. அதில் இருக்கும் பெரிய சைஸுக்குப் போனால் சுமை, இடைவெளி, மீட்டர் எல்லாவற்றையும் வண்டியைச் செய்தவர்களே பார்த்து முடித்திருக்கிறார்கள். அதைத் தாண்டும்போது உங்கள் நாட்டுப் பதிவு விதி என்ன சொல்கிறது, இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வைக்கணும்.

கருப்புக்குதிரை:

புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். மேல் வேரியன்ட்டில் 195/55 ஆர்16 87வி, ரிம் 16×6. முன்னும் பின்னும் 33 பி.எஸ்.ஐ., முழுச் சுமைக்குப் பின்னால் 36. 17 பட்டியலிலேயே இல்லை. 87 என்றால் 88-ஐவிடக் குறைவாயிற்றே அண்ணே, பரவாயில்லையா?

திருகுசாவி:

87 என்பது 545 கிலோ. உங்கள் வண்டியின் அச்சுச் சுமையைத் தெரிந்த கம்பெனியே அதே வண்டிக்கு அந்த எண்ணைக் கொடுத்திருப்பதால் பயமில்லை. கடையில் ஒருவர் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். மனசு கேட்கவில்லை என்றால் அதே சைஸில் 91 எக்ஸ்.எல். வரும், சைடுவாலும் கொஞ்சம் உறுதி. போட்டால் காற்றை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டி வையுங்கள்.

மழைத்துளி:

16×6.5 ரிம், ஆஃப்செட் 45 கிடைத்தால்கூட இரண்டு பக்கமும் ஆறரை மி.மீ.தான் நகரும். 195/55 டயர் அந்த அகலத்தில் நன்றாக உட்காரும். சைடுவால் 107 இருக்கிறது, ஸ்டீயரிங்கும் இப்போதைவிடக் கெட்டியாகும். மிச்சமாகும் பணத்தை நெடுவழி சொன்ன மாதிரி ஈரப்பிடிப்பு நல்லதாக உள்ள டயரில் போடுங்கள். ஏ வகுப்பு டயர் போட்ட 16, சுமாரான டயர் போட்ட 17-ஐவிட மழையில் சீக்கிரம் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வளைவுவிரும்பி:

உங்கள் ஓட்டத்துக்கு என் ஓட்டும் 16-க்கே. கருப்பு வண்டியில் அடர்சாம்பல் நிறம் போடுங்கள், அழகு குறையாது.

கருப்புக்குதிரை:

16-தான் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஹப் அளவு 54.1 என்று உறுதிப்படுத்திக்கொண்டேன், வளையத்தோடு தருவதாகச் சொல்கிறார்கள். மாட்டும் நாளில் நான் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்கணும்? பழைய 15 அங்குல இரும்பு ரிம்மில் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?

திருகுசாவி:

முதலில் பழைய டயர்களைக் கடையில் விடுவதற்கு முன் தேய்மானத்தைப் படியுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது, நடுப்பட்டன் மட்டும் போயிருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் போயிருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். ரிம் மாற்றுவதால் அலைன்மென்ட் மாறாது, ஆனால் பார்த்துவிட இதுதான் நல்ல சமயம்.

ரிம்மை மாட்டும் முன் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள். நட்டுகளைக் கையால் நாலைந்து சுற்று ஏற்றிவிட்டு, எதிரெதிராக முறுக்கணும். ஏர் கன்னில் மொத்தமாக இறுக்க விடாதீர்கள், கடைசி முறுக்கு டார்க் ரெஞ்ச்சில்தான் (முறுக்கும் அளவைக் காட்டும் சாவி), உங்கள் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை சரிபார்க்கணும், புது அலாய் கொஞ்சம் அமர்ந்துகொடுக்கும். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறியோ, வெளிப்பக்கம் என்று எழுத்தோ இருந்தால் நாலிலும் சரியாக வந்திருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். டயர் பிரஷர் எச்சரிக்கை இருக்கும் வண்டி என்றால் அதை மறுபடி ரீசெட் பண்ணணும். முதல் சில நூறு கிலோமீட்டர் மழையில் நிதானமாகப் போங்கள், புது ரப்பரின் மேல்பூச்சு போன பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

ஸ்டெப்னிக்கு 15 தாராளமாகச் சரி, விட்டம் ஒன்றுதான். அடுத்த பங்க்சர் கடை வரை நிதானமாகப் போக அது போதும், அப்படியே நாள்கணக்கில் ஓட்டாதீர்கள். தேய்ந்த நாலில் பட்டன் அதிகம் மிச்சமிருப்பதைத் தேர்ந்தெடுங்கள், அதிலும் 1.6 மி.மீ. குறிக்கு வந்திருந்தால் வேண்டாம். முக்கியமானது நட்டு. அலாய்க்கு வேறு நட்டு கொடுத்தார்கள் என்றால் அது இரும்பு ரிம்மின் குழிவில் சரியாக உட்காராது. கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று விதம் இருக்கிறது, ஒன்றின் இடத்தில் இன்னொன்று பிடிக்காது. பழைய நட்டுகள் நாலையும் ஒரு பையில் கட்டி ஸ்டெப்னி குழிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.